ஓடாத மோட்டாருக்குப் பாராட்டு விழா

அக்கா என்னைத் திட்டுவதை வைத்தே அறையில் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவேன். இருபத்தைந்தில் முழு வாக்கியமாகத் திட்டுவாள். என் பரம்பரையையே சந்திக்கு இழுப்பாள். அது தன் பரம்பரையும்தான் என்பது அந்த வேகத்தில் அவளுக்கு நினைவிருக்காது. இருபத்தெட்டில் பெயர்ச்சொற்கள் தொலைந்துபோகும். "அதை எடுத்து அதுமேல வைடா" என்பாள். முப்பதில் நாக்கு தடிக்கும். முப்பத்திரண்டைத் தாண்டினால் "ம்" மட்டும்தான் மிஞ்சும்.

அவளுக்கு நரம்பின் மேலுறை தேய்ந்துபோகிற நோய். கால்கள் போய் நான்கு வருடமாகிறது. மீதி இருப்பதையும் சூடு தின்றுவிடும். "இருபத்தாறைத் தாண்ட விடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஒவ்வொரு தடவையும் பேச்சு போகும், குளிர்ந்ததும் வரும். ஆனா ஒவ்வொரு தடவையும் வரும்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது." பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள் அக்கா. ஊரில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டுத்தான் சரியான பேருந்தில் ஏறினார்கள்.

நான் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரி வந்து மேடையில் நிற்கும், வட்ட முகத்தில் முள் நகரும், முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுவேன். பத்தொன்பது வருடத்தில் முள் காட்டாத எதையும் எழுதியதில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. மேடையில் லாரி நிற்கும்போதே முள் பூஜ்ஜியம் காட்டினால், அதை எழுதக் கூடாது. மேடைக்கடியில் கல் சிக்கியிருக்கும், இல்லாவிட்டால் எலி. பதிவேட்டில் "முள் சிக்கியுள்ளது, இறங்கிப் பார்க்கவும்" என்று எழுதிவிட்டு, எழுதியவனே இறங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் இருக்கிற ஒரே தத்துவம் இதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அக்காவின் அறைக் கூரைக்குக் கீழே இருந்த ஏசி பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பிஸ்கட் டப்பாவில் கருவிகளை வைத்திருப்பதால் அவருக்கு டப்பா என்றே பெயர். ஏணி மேல் நின்று தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"வெளியில இருக்கற மெஷின் ராஜா மாதிரி ஓடுது சார். உள்ள காத்தத் தள்ளுற மோட்டார்தான் கருகிப் போச்சு. குளிர் தயாரா நிக்குது, தூக்கிட்டு வர்றதுக்குத்தான் ஆள் இல்ல."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மாட்டறதுக்கு அரை மணி. ஓட வைக்கறதுக்கு... அது ஆண்டவன் விட்ட வழி."

பழைய மாதிரி மோட்டார்களை இப்போது யாரும் விற்கக் கூடாது. அவற்றுக்கு ஒரே வேகம். ஓடினால் தலைதெறிக்க ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். புதியது மாறுவேக மோட்டார். அறை குளிர்ந்தால் மெதுவாகச் சுற்றும், சூடேறினால் வேகம் கூட்டும், மின்சாரத்தைக் கால்வாசிதான் குடிக்கும். நல்ல பொருள், டப்பாவே மெச்சினார். ஆனால் அது பூட்டப்பட்டு வருகிறது. அதன் தலையிலிருக்கும் சிறு பலகையில் ஒரு திறப்பு எண்ணை அழுத்தினால்தான் சுற்றும். அந்த எண்ணைக் கொடுப்பது மின்விசைச் சிக்கன வாரியம். மோட்டாரை டப்பா அன்றைக்கே வாங்கி வந்து மாட்டத் தயாராக வைத்துவிட்டார். நான் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

பதினான்காவது கேள்வி: "தங்கள் தற்போதைய மோட்டார் தற்போது இழுக்கும் மின்சாரம் எவ்வளவு?"

"நானூறு வாட்டுன்னு போடுங்க" என்றார் டப்பா.

"கருகின மோட்டார் எப்படி நானூறு இழுக்கும்?"

"சார், அது கேள்வி இல்ல, சடங்கு. மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டா கல்யாணம் நடக்காது."

அறை அப்போது இருபத்தேழு. அக்கா கட்டிலிலிருந்து சொன்னாள்: "டேய், அவர் சொல்றத எழுதுடா. உன் முள்ளைக் கொண்டுபோய் அங்க ஒட்டாத."

நான் கேட்கவில்லை. தற்போது என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். பூஜ்ஜியம் என்று எழுதினேன். இந்த உலகத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. "விண்ணப்பதாரர் தற்போது பூஜ்ஜியம் வாட் பயன்படுத்துகிறார். அவர் கோரும் மோட்டார் நூற்றிருபது வாட் பயன்படுத்தும். ஆகவே அவர் மின் நுகர்வை அதிகரிக்க முயல்கிறார் என்பது கணித ரீதியாக நிரூபணமாகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இத்தகைய முயற்சியில் மீண்டும் ஈடுபட வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்."

அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அறை முப்பத்துமூன்று. அவள் "ம்" என்றாள். அந்த "ம்"முக்குள் அத்தனை தலைமுறையும் இருந்தன என்பது எனக்குத் தெரியும்.

வாரியத்தின் கூடத்தில் கால் வைத்ததும் பல் கிட்டியது. ஜன்னல்களுக்குப் பின்னால் எல்லாரும் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள். அவர்களுடைய மோட்டார்கள் பழைய ரகம், ஒரே வேகம், பதினாறும் ஹோவென்று ஓடின. மாற்றக் கோரி வாரியம் வாரியத்துக்கே விண்ணப்பித்து ஆறு வருடமாகிறதாம். தன் விண்ணப்பத்தைத் தானே அனுமதிப்பது முறைகேடு என்பதால் நேர்மையாகக் கிடப்பில் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது ஜன்னல் குமாஸ்தாவிடம் சொன்னேன். "சார், தப்பா எழுதிட்டேன். நானூறுன்னு மாத்திக்கறேன்."

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்போ எழுதினது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

"ரெண்டும் இல்ல சார். மோட்டார் செத்துப்போச்சு."

"செத்துப்போச்சுன்னு ஒரு கட்டம் படிவத்துல இல்லியே. அளவீட்டு அதிகாரி வந்து அளந்தாத்தான் மாத்த முடியும்."

அளவீட்டு அதிகாரி ஐந்தாம் நாள் மூன்று மீட்டர்களோடு வந்தார். ஏணியில் ஏறி முதல் மீட்டரை வைத்தார். பூஜ்ஜியம். இரண்டாவது. பூஜ்ஜியம். சுவிட்சைப் போடச் சொன்னார், போட்டேன், மூன்றாவதும் பூஜ்ஜியம்.  இறங்கும்போது கண் கலங்கியிருந்தது.

"பதினோரு வருஷமா அளக்கறேன் சார். இவ்வளவு ஒழுக்கமான மோட்டாரைப் பார்த்ததில்ல."

"சார், அது செத்துப்போச்சு."

"அது உங்க கருத்து. மீட்டருக்குக் கருத்து கிடையாது." அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். "மாறுவேக மோட்டார்னா என்ன? தேவைக்கு ஏத்த மாதிரி வேகத்தைக் கூட்டும், குறைக்கும். இது குறைச்சிருக்கு. பூஜ்ஜியமும் ஒரு வேகம்தான் சார். சொல்லப்போனா, அதைவிடச் சிக்கனமான வேகம் இன்னும் கண்டுபிடிக்கலை."

"எங்க அக்காவுக்கு மூச்சு முட்டுது சார். பாருங்க."

அவர் மரியாதையாகக் கட்டில் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் சொல்றது சரிதானே?"

"ம்" என்றாள் அக்கா. அவளால் முடிந்தது அவ்வளவுதான். அந்த "ம்" அடிவயிற்றிலிருந்து வந்த வசவு.

"அம்மாவும் ஒத்துக்கறாங்க" என்று எழுதிக்கொண்டார். போகும்போது பெட்டிக்கு ஈயமுத்திரை வைத்துவிட்டுப் போனார். முன்மாதிரி மோட்டார், யாரும் தொடக்கூடாது. புது மோட்டார் கட்டிலுக்குக் கீழே அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

மேசை விசிறி வைத்தேன். அது சூட்டையே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளியது. ஈரத்துணி போர்த்தினேன், துணி காய்வதற்குள் அடுத்ததை நனைப்பேன். மறுநாள் மதியம் அறை முப்பத்துநான்கு. தண்ணீர் புகட்டினேன். அவளுக்கு விழுங்க மறந்துபோய்ப் புரையேறியது. முகம் நீலமாகி, கண் மேலே போய், நான் அவளைக் கவிழ்த்து முதுகில் குத்தி, எப்படியோ தண்ணீர் வெளியே வந்தது.  அக்கா என் கையிலேயே போய்விடுவாள் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை.

குளிர்ச்சியான இடம் தேடி அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். வங்கியில் காவலாளி "என்ன வேலை?" என்று கேட்டார். மருந்துக்கடையில் "என்ன வேணும்?" என்றார்கள். உட்காருவதற்கு ஒரு காரணம் வேண்டும் இந்த ஊரில். காரணம் கேட்காமல் எங்களை உட்காரவைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. சிக்கன வாரியத்தில் டோக்கன் எடுத்து, காற்று கொட்டுகிற துவாரத்துக்கு நேர்க் கீழே அக்காவை நிறுத்தினேன். கூடத்துச் சுவரில் பெரிய வெப்பமானி இருந்தது. பதினெட்டு.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா வாயைத் திறந்தாள். "முட்டாள். நானூறுன்னு எழுதியிருந்தா இந்நேரம் நான் வீட்ல தூங்கியிருப்பேன்." எழுந்து அவள் காலில் விழலாம் போல இருந்தது.

தினமும் வந்தோம். நான் காலையில் அவளை விட்டுவிட்டு எடைமேடைக்குப் போய், மாலையில் வந்து தள்ளிக்கொண்டு போவேன். மூன்றாம் நாள் டோக்கன் எண் சொல்கிற இயந்திரம் பழுதானது. கூடத்தில் ஒரே கூச்சல். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "டோக்கன் நூற்று நாற்பத்தேழு, மூன்றாவது ஜன்னல். காகிதங்களைக் கையிலே தயாராக வைத்துக்கொள்ளவும். வழியில் நிற்பவர்கள் ஒதுங்கி நிற்கவும்" என்று பழைய குரலில் எடுத்துவிட்டாள். கூடம் கப்சிப். மறுநாள் அவளுக்கு மைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் டோக்கன் எண் வந்தால் மட்டும் சத்தமில்லாமல் அடுத்ததற்குத் தாவிவிடுவாள். கூப்பிட்டால் ஜன்னலில் திறப்பு எண் இல்லை என்பார்கள், இல்லை என்றால் வேலை முடிந்தது, வேலை முடிந்தவர்களுக்குக் கூடத்தில் இடமில்லை. அப்படிப் பன்னிரண்டு நாள் ஓடியது. அந்தப் பன்னிரண்டு நாளும் அக்கா சந்தோஷமாக இருந்தாள் என்றே சொல்வேன்.

பதின்மூன்றாம் நாள் காலை, நான் அக்காவை விட வந்தபோது, வாரியத்தின் இயக்குநரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் அளவீட்டு அறிக்கை.

"நீங்கதானா அந்தப் பூஜ்ஜியம்?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மோட்டாருக்குப் பாராட்டு விழா எடுக்கறோம். மேடையில நீங்க இருக்கணும்."

"எனக்குத் திறப்பு எண் போதும் சார்."

"தந்தா போச்சு! முன்மாதிரியைக் காட்சிக்கு நாங்க எடுத்துக்கறோம். உங்களுக்குப் புதுசு. எண்ணை மேடையிலேயே உறைல போட்டுத் தர்றேன். அம்மாவுக்கு நல்ல குரலாமே? வாழ்த்து மடலை அவங்களே வாசிக்கட்டும்."

விழா அந்தக் கூடத்திலேயே நடந்தது. முந்நூறு பேர். மேடையில் நீலத்துணி விரித்து, அதன்மேல் எங்கள் கருகிய மோட்டார். டப்பா எங்கள் வீட்டில் ஏணி மேல் புது மோட்டாரை மாட்டிவிட்டு, எண்ணுக்காகக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அதே துவாரத்துக்குக் கீழே, மைக்கோடு.

இயக்குநர் பேசினார். "நண்பர்களே! இந்த வாரியம் உருவாகிப் பதினெட்டு ஆண்டுகள். இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் நாம் எத்தனை மோட்டார்களைச் சிக்கனமாக்கினோம் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பது சுலபம். நாம் எத்தனை விண்ணப்பங்களைப் பரிசீலித்தோம் என்று யாராவது கேட்டார்களா? இதோ, இந்த மோட்டாரைப் பாருங்கள். இது யாரையும் நச்சரிக்கவில்லை. யாருக்கும் காற்று வீசவில்லை. ஆனாலும் நம் பதிவேட்டில் முதலிடம்! உழைத்து முன்னேறியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். உழைக்காமலே முன்னேற முடியும் என்று நமக்கெல்லாம் நம்பிக்கை தந்தது இந்த மோட்டார்."

பலத்த கைதட்டல். ஊழியர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள்.

"ஆகவே, இன்று முதல் இந்தக் கட்டிடத்தின் பதினாறு மோட்டார்களும் இதே வேகத்துக்கு மாறுகின்றன. அந்தச் சுவிட்சை அணைக்கும் பெருமையை இந்தக் குடிமகனுக்கே அளிக்கிறேன்."

 இயக்குநரின் ஒரு கையில் உறை. மறுகை சுவிட்சைக் காட்டியது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள்.

"போடா, அணைச்சிட்டு எண்ணை வாங்கு. கொஞ்ச நேரம் நான் தாங்குவேன். வாங்கின கையோட என்னைத் தள்ளிட்டு வீட்டுக்கு ஓடு."

அணைத்தேன். பதினாறு மோட்டார்களின் இரைச்சலும் நின்றபோதுதான் அப்படி ஓர் இரைச்சல் இருந்ததே பலருக்குத் தெரிந்தது. ஒரு குமாஸ்தா வந்து சுவிட்சுக்கு ஈயமுத்திரை வைத்தார். உறைக்குக் கை நீட்டினேன். இயக்குநர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "நிறைவுரைக்குப் பிறகு" என்றார்.

நிறைவுரை ஐம்பது நிமிடம். முந்நூறு பேர் மூச்சு, மேடை விளக்குகள், அடைத்த ஜன்னல்கள். வெப்பமானி இருபத்துநான்கு. இருபத்தேழு. ஒவ்வொருவராகக் கம்பளித் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு அக்கா வாழ்த்து மடலை வாசிக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு வரி மணி மணியாக வந்தது. அதன்பின் பெயர்ச்சொற்கள் போய்விட்டன. "அதன் வழியாக... அதை... அதுபோலவே அதற்கும்..." என்று வாசித்தாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இயக்குநரின் உரையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. வெப்பமானி முப்பத்தொன்று. நாக்கு இழுத்தது. முப்பத்துமூன்றில், ஒரு வரியின் நடுவில் குரல் நின்றது.

"மௌனம்!" என்று இயக்குநர் மைக்கில் முழங்கினார். "சொல்லிலும் சிக்கனம்!" கூடம் கைதட்டியது.

உறையைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பிரித்தேன். "திறப்பு எண் கணினியில் ஏற்றப்பட்டுள்ளது. மூன்றாவது ஜன்னலில் பெற்றுக்கொள்ளவும்." ஓடினேன். ஜன்னலில் குமாஸ்தா இருண்ட திரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உள் அறையில இருக்கற பெரிய கணினி சூட்டுல நின்னுபோச்சு சார். எல்லா விண்ணப்பமும் அதுலதான் இருந்துது. அதெல்லாம் என்ன ஆச்சுன்னு அதுக்குத்தான் தெரியும்."

அந்தச் செய்தி அதற்குள் மேடைக்குப் போயிருந்தது. "மகிழ்ச்சியான அறிவிப்பு!" என்றார் இயக்குநர். "நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள்: பூஜ்ஜியம்!"

"மோட்டாரைப் போடுங்க சார், கால்ல விழறேன்" என்றேன் குமாஸ்தாவிடம்.

"முத்திரை வச்சாச்சே. உடைக்கணும்னா நாங்களும் படிவம் கொடுக்கணும்." அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, வியர்வை சொட்டச் சொட்டக் கண்ணை ஓட்டினார். பதினான்காவது கேள்வியில் விரல் நின்றது. தலையைத் தூக்கி, ரகசியம் போலக் கேட்டார். "இதுக்கு நீங்க என்ன எழுதினீங்க?"

கைப்பேசியில் டப்பா, "சார், எண்ணைச் சொல்லுங்க சார், சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்காவிடம் வந்தேன். வெப்பமானி முப்பத்தாறு. அதற்கு என்னிடம் அட்டவணை கிடையாது. அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. அளவீட்டு அதிகாரி ஒரு பதிவேட்டோடு அவள் முன்னால் குனிந்து நின்றார்.

"அம்மா, பயனாளி கருத்துப் பதிவு. குறை ஏதாவது உண்டா?"

அக்கா பேசவில்லை. "ம்" கூட வரவில்லை. அவர் முறைப்படி மூன்று தடவை கேட்டார். பிறகு எழுதினார்: "குறைகள்: பூஜ்ஜியம்." பதிவேட்டை என்னிடம் நீட்டினார். "சாட்சிக் கையெழுத்து, சார்."

நான் பார்த்தேன். முள் பூஜ்ஜியத்தில் நின்றது. மேடையில் லாரி நிற்கிறது, முழுப் பாரத்தோடு நிற்கிறது, முந்நூறு பேர் கைதட்டுகிறார்கள், ஒருவன் கூட இறங்கிப் பார்க்கவில்லை. அந்தப் பூஜ்ஜியத்தை முதலில் எழுதிக் கொடுத்தவன் நான். பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எழுதினேன்: "முள் சிக்கியுள்ளது. இறங்கிப் பார்க்கவும்."

அதிகாரி அதை இரண்டு முறை வாசித்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது குறையிலயும் வராது, பாராட்டுலயும் வராது சார். இதுக்கு வேற படிவம் இருக்கு" என்று சொல்லி, பக்கத்து இயந்திரத்திலிருந்து ஒரு டோக்கனைக் கிழித்து அக்காவின் மடியில் வைத்தார்.

அக்கா குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். வாசிப்பதற்காக வாயைத் திறந்தாள். நான் நாற்காலியைத் திருப்பி, கதவை நோக்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவள் வாய் திறந்தபடியே இருந்தது.